பாக்ஸைத் திருப்பி வைத்த கல்யாணம்

பிராங்கிளினுக்குச் சத்தம்தான் தொழில். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். ஒரு கல்யாணத்துக்கு செட் போட்டான் என்றால், அது யார் வீட்டு விசேஷம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவனுக்குத் திருப்தி இருக்காது. வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் குடோன். ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸுகள், ஒலிபெருக்கிக் குழாய்கள், சுருள் சுருளாக வயர். மாடியில் அவனும் மனைவி லிடியாவும் ஆறு வயது மகள் வினோலியாவும் குடியிருந்தார்கள்.

அந்த மகளுக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். மிக்ஸி ஓடினால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் போய்ப் புகுந்துகொள்வாள். இட்லி சாப்பிடுவாள், ஆனால் சட்னி அதன்மேல் பட்டுவிட்டால் அந்தத் தட்டையே தொடமாட்டாள். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியில் இருக்கும் துண்டுத் துணியை வெட்டி எடுத்தால்தான் போடுவாள். பேச்சு குறைவு. நான்கு வயதில் மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது ஆட்டிசம் என்று சொன்னார்.

அன்றைக்கு லிடியா பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். தாடிக்கொம்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் வேலையை விட்டாள். டவுனில் இந்தப் பிள்ளைகளுக்கென்று நர்கீஸ் என்ற பெண் நடத்திவந்த பயிற்சி மையத்தைத் தேடிப்பிடித்து, மகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். பிராங்கிளின் அழவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. பெரியப்பா மகன் ஒருத்தன் ஐந்து வயது வரைக்கும் வாயே திறக்காமல் இருந்து, இப்போது கோயம்புத்தூரில் வக்கீலாக இருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகள்மேல் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. வேலை முடிந்து வரும்போது படியில் ஏறும்போதே வினோக்குட்டி என்று கத்திக்கொண்டு வருவான். வந்ததும் தூக்கி மேலே போட்டுப் பிடிப்பான். அவள் உடம்பு விறைத்துப் போகும். இரண்டு கையாலும் அவனைத் தள்ளுவாள். ஒருமுறை தோளில் பல் பதியக் கடித்துவிட்டாள். தன்னைப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று அவன் மனதுக்குள் முடிவு செய்துகொண்டான். அதை யாரிடமும் சொல்லவில்லை. குடோனிலேயே கூடுதல் நேரம் இருக்க ஆரம்பித்தான். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு அவன் மட்டும் போய்வந்தான். லிடியா பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை லிடியாவுக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வால் வெடித்துவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். சீழ் பரவியிருந்ததால் பத்து நாளாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். அவளுடைய தங்கை ஐரின் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வீட்டில் பிராங்கிளினும் வினோலியாவும்தான். சேவுகம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் அக்கா ரோஸ்மேரி, சமைத்துப் போடுவதற்காக மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ரோஸ்மேரிக்கு வேலை வேகமாக ஆகவேண்டும். தம்பி மகள்மேல் பிரியம் உண்டு. ஆனால் பிள்ளை கெட்டுப்போனதற்கு லிடியா கொடுத்த செல்லம்தான் காரணம் என்பது அவளுடைய எண்ணம். முதல் நாள் காலையில் இட்லிமேலேயே சாம்பாரை ஊற்றிக் கொடுத்தாள். வினோலியா தட்டைத் தள்ளினாள். ரோஸ்மேரி திரும்ப அவள் முன்னால் வைத்தாள். தலை சீவ இழுத்தபோது பிள்ளை அலறியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்குள் குக்கர் விசில் அடித்தது. வினோலியா இடுக்குக்குள் போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. "செத்த நேரம், செத்த நேரம்" என்று அங்கிருந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அது அவளுக்குத் தெரிந்த சில சொற்களில் ஒன்று. லிடியா வேலையாக இருக்கும்போது, கொஞ்சம் காத்திரு என்பதற்கு, செத்த நேரம் பொறு என்று அவளிடம் சொல்வது வழக்கம். கிளிப்பிள்ளை மாதிரி அதைத் திருப்பிச் சொல்கிறாள் என்றுதான் பிராங்கிளின் நினைத்திருந்தான்.

மறுநாள் பயிற்சி மையத்துக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். இதற்கு முன்னால் வாசலோடு விட்டுவிட்டுப் போனதுண்டு, உள்ளே உட்கார்ந்ததில்லை. நர்கீஸ் அவனுக்கும் ஒரு பாய் போட்டாள். பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால் அவள் கொஞ்சம் காத்திருந்ததையும், தொடுவதற்கு முன்னால் கையைக் காட்டிவிட்டுத் தொட்டதையும் அவன் பார்த்தான். வீட்டில் என்னென்ன பேசுகிறாள் என்று நர்கீஸ் கேட்டாள். அர்த்தமில்லாமல் செத்த நேரம் செத்த நேரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றான். அதை எப்போதெல்லாம் சொல்கிறாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வண்டியில் வீட்டுக்கு வரும் வழியில் அதையே யோசித்தபடி வந்தான். தலை சீவும்போது சொன்னாள். சட்டையை மாட்டும்போது சொன்னாள். அவன் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போதெல்லாம், கடித்த அன்றைக்குக்கூட, அதைத்தான் சொன்னாள். கிளி சொல்வது போல இல்லை அது. பொறுங்கள், நான் இன்னும் தயாராகவில்லை என்று பிள்ளை கெஞ்சியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த மகளின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வண்டிக் கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. ரிப்பேர் பார்த்த ஆம்ப்ளிபயரை குடோனில் போட்டுப் பார்த்தான். மைக் கீச்சென்று கூவியது. உடனே மாடியிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வினோலியா இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி அவள் கையைப் பிடிக்கப் பிடிக்க அலறல் கூடியது. பிராங்கிளின் அக்காவை நகரச் சொன்னான். ஃபேனை நிறுத்தினான், ஜன்னலைச் சாத்தினான், கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நர்கீஸ் காத்திருந்தாளே, அது மட்டும் ஞாபகம் இருந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது, தொழில் பழகின காலத்தில் தனக்கு நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு திருவிழாவில் குழாய்க்கு நேர் முன்னால் நின்று வயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் பல நாள் காது வலி. கரண்டி விழுந்தால் மண்டைக்குள் ஆணி இறங்கியது. யாராவது சத்தமாகச் சிரித்தால் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. தனக்கு அது சில நாளில் சரியாகிவிட்டது. இவளுக்கு எல்லா நாளுமே அப்படி இருந்தால்?

வினோலியா அடங்க நேரம் பிடித்தது. அடங்கியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அவனைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி அவன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையில் லிடியாவுக்கு போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மெல்லிய குரலில் சொன்னாள். எதைச் செய்யப் போகிறோமோ அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட வேண்டும். சின்னச் சின்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். அவன் அப்படியே செய்து பார்த்தான். மொதல்ல சீப்பு, அப்பறம் சட்டை, அப்பறம் இட்லி என்று தணிந்த குரலில் சொன்னான். முதல் நாள் பாதிதான் பலித்தது. தலை சீவாமலேயே பயிற்சிக்குப் போனார்கள். பிறகு ஒருநாள் அவளே சீப்பை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

ரோஸ்மேரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த நாளிலிருந்து இட்லி ஒரு தட்டிலும் சாம்பார் ஒரு கிண்ணத்திலும் வர ஆரம்பித்தது. குக்கரை ஏற்றியதும், விசில் வரப்போகுது வினோ, காதப் பொத்திக்க என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்றாள். லிடியா வீடு திரும்பிய அன்று, மகளுக்கு பிராங்கிளின் பொறுமையாக நகம் வெட்டிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் படுக்கையறைக்குப் போனாள்.

இதற்குள் அவன் தம்பி பவுல்ராஜுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பெண் ஜோஸ்பின், சாணார்பட்டிப் பக்கத்து ஊர். நர்ஸ் வேலை பார்த்தாள். மாதா கோயிலில் ஓலை வாசித்து ஊருக்குக் கல்யாணத்தை அறிவித்தாயிற்று. ஊர்க் கோயிலில் காலையில் திருமணப் பூசை, பக்கத்து மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு என்று ஏற்பாடு. அண்ணன் தன் கல்யாணத்துக்குப் பெரிய செட் போட்டு ஊரையே அதிர வைப்பான் என்று பவுல்ராஜ் நண்பர்களிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தான்.

லிடியா வழக்கம்போல, தானும் வினோவும் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னாள். பிராங்கிளின் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியைக் குடோனுக்குக் கூப்பிட்டு, பெரிய செட் போடப்போவதில்லை, வாசலில் வெடி போடக்கூடாது, பேண்டு வாத்தியம் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று சொன்னான். பவுல்ராஜ் முகம் சுருங்கிப் போனது.

"அண்ணே, ஊரு ஒலகத்துக்கெல்லாம் போட்டுட்டு, ஒந்தம்பி கல்யாணத்துக்கு இப்பிடிச் சொல்றியே. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசுனா பேசட்டும்டா. எம்மக இன்னும் ஒரு கல்யாணத்தைக்கூடப் பாக்கல. இதையாவது பாக்கட்டும்."

பவுல்ராஜ் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவனே வந்து, அண்ணன் இஷ்டம் போலச் செய்யட்டும் என்றான். ஜோஸ்பினிடம் போனில் புலம்பியிருக்கிறான். மேடையில் வந்து வாழ்த்துகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்காத கல்யாணங்களைத்தான் தானும் பார்த்திருப்பதாகவும், சத்தம் குறைந்தால் தனக்கு நிம்மதி என்றும் அவள் சொல்லிவிட்டாளாம். அவனுக்கு முழு மனது இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிராங்கிளின் வினோலியாவை லோடு ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனான். ஆளில்லாத கோயிலை அவள் ஒரு சுற்று சுற்றிவந்தாள். மண்டபத்தில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளின் முதுகுகளை ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு நடந்தாள். அவள் நடக்கும்போதே அவன் இரண்டே இரண்டு பாக்ஸை இறக்கினான். எப்போதும் மேடையின் இரண்டு பக்கமும் கூட்டத்தைப் பார்த்து வைப்பான். இன்றைக்கு அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், வெளி முற்றத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தான். பாட்டு வேண்டுகிறவர்கள் முற்றத்தில் நின்று கேட்டுக்கொள்ளலாம். முன்வரிசை ஓரத்தில் ஒரு பக்கக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் தென்னந்தோப்பு. அந்தக் கதவோரம் லிடியாவுக்கும் மகளுக்கும் இரண்டு நாற்காலி போட்டான். லோடு ஆட்டோவைத் தோப்புக்குள் நிறுத்திக்கொள்ள மண்டபத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டான்.

கல்யாணத்தன்று முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பூசை முழுவதும் வினோலியா கடைசிப் பெஞ்சில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்துக்கு வந்ததும் தன் நாற்காலி எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேராகப் போய் உட்கார்ந்தாள். வியர்த்ததால் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். லிடியா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்ததை பிராங்கிளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பக்கத்தில் நின்று பார்த்தான். அப்போது போட்டோ எடுக்க வரச்சொல்லி அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

அவன் மேடையேறிய நேரத்தில் பவுல்ராஜின் நண்பர்கள் மிக்ஸர் பக்கம் வந்தார்கள். விக்னேஷ்குமார் என்கிறவன், மாப்பிள்ளையை ஆடவைக்க வேண்டும் என்று ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுவதும் திருகினான். முற்றத்தைப் பார்த்திருந்த பாக்ஸே மண்டபத்தை அதிர வைத்தது. மேடையில் இருந்த மைக் அதோடு சேர்ந்துகொண்டு கூவியது. பெரியவர்களே காதைப் பொத்தினார்கள்.

வினோலியா நாற்காலியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தாள். நடைபாதையில் மல்லாந்து, அலறிக்கொண்டே தலையைத் தரையில் மோதினாள். லிடியா குனிய முடியாமல் குனிந்தாள். ஆபரேஷன் செய்த வயிறு. பிராங்கிளின் மேடையிலிருந்து குதித்து, முதலில் மெயின் வயரைப் பிடுங்கி எறிந்தான். மண்டபத்தில் பிள்ளையின் அலறல் மட்டும் மிஞ்சியது. ஓடிப்போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலை மோதுகிற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தான். அவளை அமுக்கிப் பிடிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவள் தலை அவன் கையில் இடித்தது, திரும்பவும் இடித்தது.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. காக்காவலிப்பு என்று ஒருவர் சாவியைக் கொடுக்கச் சொன்னார். சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் சொன்னாள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். ரோஸ்மேரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அந்த செல்போனுக்கு முன்னால் நின்றாள்.

"பந்தி போட்டாச்சு, எல்லாரும் சாப்பிடப் போங்க. புள்ளைக்குச் சத்தம் ஒத்துக்காது, வேற ஒண்ணுமில்ல. செத்த நேரத்துல சரியாயிரும். போங்க, வெஞ்சனம் ஆறுது."

பந்தி என்றதும் பாதிப் பேர் நகர்ந்தார்கள். மீதிப் பேரை அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பவுல்ராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்தான். அண்ணன் மகளைச் சுற்றி இருந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கித் தள்ளி வைத்தான். பட்டு வேட்டி தரையில் புரண்டதை அவன் கவனிக்கவில்லை.

பிராங்கிளின் குனிந்து, மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சத்தம் நின்னுருச்சு வினோ, அப்பா நிப்பாட்டிட்டேன், இனிமே வராது என்று சொன்னான். கொஞ்சம் விட்டு மறுபடியும் சொன்னான். அவள் மூச்சு மெதுவாகத் தணிந்தது. பக்கக் கதவைப் பார்த்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டான். அவள் தானாகவே எழுந்து தோப்புக்குள் நடந்துபோய் லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அவன் பின்னாலேயே போய்ப் படியில் உட்கார்ந்தான். அவள் தலை இடித்ததில் அவன் விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. கல்யாண வீட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

சற்று நேரம் கழித்து ஜோஸ்பின் வந்தாள். தலையிலிருந்த முக்காட்டையும் கழுத்து மாலையையும் கழற்றிவிட்டு, கல்யாணச் சேலையோடு தோப்பு மண்ணில் நடந்துவந்து, ஆட்டோவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தாள். பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பிராங்கிளின் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். உள்ளே இப்போதுதான் பேச்சு கேட்கிறது, சாப்பாடும் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வினோலியா ஆட்டோவிலிருந்து அவளுடைய சேலையின் ஜரிகைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிவந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கரையின் மேடுபள்ளங்களை ஒரு விரலால் நீளத் தடவினாள். முடிந்த இடத்திலிருந்து திரும்பவும் தடவினாள். ஜோஸ்பின் முந்தானையை எடுத்து அவள் கைக்கு எட்டுகிற மாதிரி விரித்துப் போட்டாள். போட்டோக்காரர் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று அவர்கள் முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். லிடியா இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தாள்.

"கல்யாணப் பந்தியில ஒக்காந்து சாப்ட்டு எம்புட்டு நாளாச்சுங்க" என்றாள்.

பிராங்கிளின் தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

அதற்கப்புறம் எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வினோலியாவுக்குப் பேச்சு இன்னும் குறைவுதான். மழைக்காலத்தில் இடி இடித்தால் இடுக்கு வேண்டும். ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் ஒரு லாரி ஹாரனுக்கு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிராங்கிளினும் பக்கத்தில் உட்கார்ந்தான். போகிறவர்கள் சொன்ன புத்திமதிகளுக்குத் தலையை ஆட்டிக்கொண்டான். காலை நேரத்தை முழுவதுமாக அவன் எடுத்துக்கொண்டதால் லிடியா ஜூன் மாதம் தாடிக்கொம்புப் பள்ளிக்கூடத்தில் திரும்ப வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டிலேயே குடோன் இருப்பது சரிப்படாது என்று அவன் ரிப்பேர் வேலைகளை வேறு இடத்துக்கு மாற்றவும் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பிராங்கிளின் குடோனில் ஒரு பெரிய பாக்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தான். காதுக்கு எட்டாத அளவுக்குச் சத்தத்தைத் தாழ்த்தி, பேஸ் எனப்படும் அடித்தொனி மட்டும் ஓடவிட்டிருந்தான். படியில் காலடி கேட்டுத் திரும்பினான். வினோலியா முதல்முறையாகத் தானாக இறங்கிவந்திருந்தாள். காதைப் பொத்தவில்லை. பாக்ஸின் கறுப்புத் துணியில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அதிர்வது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கன்னத்தையும் வைத்தாள். சிரித்தாள்.

பிறகு அவனிடம் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவன் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் அந்தத் துணியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அப்பா" என்றாள்.

வாசலில் லோடு ஏற்ற வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். பிராங்கிளின் திரும்பாமலேயே, அவனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிக் கையால் காட்டினான்.